நார்வே 1905-ல ஸ்வீடனை விட்டுப் பிரிஞ்சப்போ ஏன் சண்டை வரல?

கேள்வியில மூணு விஷயம் இருக்கு. 1905-ல நார்வே ஸ்வீடனை விட்டுப் பிரிஞ்சப்போ வாக்கெடுப்புல எதிர்த்தவங்க வெறும் 184 பேர்ங்கிறது நிஜமா, ஒரு குண்டு கூட வெடிக்காம எப்படி பிரிய முடிஞ்சது, இவ்வளவு பாடுபட்டுப் பிரிஞ்சவங்க குடியரசு ஆகாம டென்மார்க்ல போய் ஒரு ராஜாவை ஏன் கூட்டிட்டு வந்தாங்க. கேட்ட நண்பர் இதை லெனின் வழியா படிச்சதா சொல்றார். 1914-ல சுயநிர்ணய உரிமை, அதாவது ஒரு தேசம் பிரிஞ்சு போற உரிமை பத்தி மார்க்சியத் தலைவர் ரோசா லக்சம்பர்க்கோட மல்லுக்கட்டும்போது லெனின் எடுத்து வச்ச முக்கியமான உதாரணம் நார்வே தான், தமிழ்ல இந்தக் கதை தெரிஞ்ச பலருக்கும் அந்த வழியா தான் தெரிஞ்சிருக்கும். ஆனா மூணு கேள்விக்கும் அடியில அவர் கேக்கிறது வேற ஒண்ணு, அந்த ஊர்க்காரங்க நிஜமாவே அவ்வளவு பக்குவமானவங்களா, இல்ல நம்ம காதுக்கு வந்த கதை பாலிஷ் போட்டதா. ரெண்டுமே கொஞ்சம் கொஞ்சம் உண்டு, அதனால நீளமா தான் எழுத வேண்டியிருக்கு. நான் காலேஜ்ல நவீன ஐரோப்பிய வரலாறு எடுக்கிறவன், இந்த ஒரு வருஷத்தைப் பல பேட்ச் பசங்களுக்கு நடத்தியிருக்கேன். நான் படிச்சது ஆங்கிலத்துல கிடைக்கிறது தான், அதுல நார்வே பக்கத்துக் குரல் கொஞ்சம் ஓங்கியே இருக்கும், அதை மனசுல வச்சுக்கிட்டுப் படிங்க.

நம்பரை முதல்ல முடிச்சிடலாம். 184 நிஜம் தான், இதுல சந்தேகமே வேண்டாம். 1905 ஆகஸ்ட் 13 ஞாயித்துக்கிழமை நடந்த வாக்கெடுப்புல ஆதரவு 3,68,208, எதிர்ப்பு 184. ஓட்டுரிமை இருந்தவங்கள்ல சுமார் 85 சதவீதம் பேர் வந்து போட்டிருக்காங்க. செல்லாத ஓட்டே மூவாயிரத்துச் சொச்சம், அதாவது வேண்டாம்னு சொன்னவங்களை விட தப்பா போட்டவங்க பல மடங்கு அதிகம். இப்படி ஒரு ரிசல்ட்டைப் பார்த்தா நமக்கு உடனே சர்வாதிகாரி நடத்துற எலெக்ஷன் தான் ஞாபகத்துக்கு வரும், ஆனா இதுல முறைகேடுன்னு ஸ்வீடன்காரங்களே சண்டைக்கு வரல. சூட்சுமம் கேட்ட கேள்வியில இருக்கு. "பிரியலாமா"ன்னு கேக்கல, "நடந்து முடிஞ்ச பிரிவுக்குச் சம்மதமா"ன்னு கேட்டாங்க. ரெண்டு மாசம் முன்னாடியே பார்லிமென்ட் முடிச்சிட்ட காரியம், பக்கத்து நாடு முறைச்சுக்கிட்டு நிக்குது, இந்த நேரத்துல இல்லைன்னு போடுறது சொந்த ஊரையே காட்டிக் கொடுக்கிற மாதிரி ஆயிடும். ஸ்வீடனோட ஒரே ராஜாவுக்குக் கீழ சேர்ந்திருந்த அந்த யூனியன்லயே இருந்தா தேவலைன்னு உள்ளுக்குள்ள நெனச்சவங்க கண்டிப்பா 184 பேருக்கு மேல இருந்திருப்பாங்க, ஆனா அன்னிக்கு அதைச் சொல்றதுல அர்த்தம் இல்ல.

இன்னொண்ணு, அந்த 3,68,208-ல ஒரு பெண் ஓட்டு கூட கிடையாது. 25 வயசு தாண்டின ஆம்பளைங்களுக்கு மட்டும் தான் ஓட்டு. பெண்கள் தங்களையும் சேர்த்துக்கச் சொல்லிக் கேட்டாங்க, கிடைக்கல. உடனே பெண்கள் வாக்குரிமைச் சங்கத்துத் தலைவி ஃப்ரெட்ரிக்கே மாரி க்வாம் தலைமையில ஊர் ஊரா கையெழுத்து வாங்க இறங்கினாங்க, கொஞ்ச நாள்லயே இரண்டரை லட்சத்துக்கு நெருக்கமா கையெழுத்து சேர்த்துக் கொண்டு போய் பார்லிமென்ட்ல குடுத்தாங்க. மொத்த ஜனத்தொகையே இருபத்து மூணு லட்சம் போல தான்ங்கிறதை யோசிச்சுப் பாருங்க. போனும் பஸ்ஸும் அபூர்வமா இருந்த காலத்துல, மலைக்கும் கடலுக்கும் நடுவுல சிதறிக் கிடக்கிற ஊர்கள்ல இதைப் பண்ணியிருக்காங்க. என்னைக் கேட்டா அந்த வருஷத்தோட பெரிய அரசியல் வேலை இது தான், ஆனா 184-ஐ சொல்ற அளவுக்கு யாரும் இதைச் சொல்றதில்ல.

சரி, சண்டை ஏன் வரலைங்கிறதுக்கு வருவோம். இதுக்கு 1814-ல இருந்து ஆரம்பிக்கணும். நெப்போலியன் போர்ல டென்மார்க் தோத்த பக்கம் நின்னதால, அதுவரை தன் கையில இருந்த நார்வேயை ஸ்வீடனுக்கு விட்டுக் குடுக்க வேண்டி வந்தது. நார்வேக்காரங்க அதை ஏத்துக்காம எய்ட்ஸ்வோல்ங்கிற ஊர்ல கூடி மே 17-ம் தேதி சொந்தமா அரசியல் சட்டம் எழுதிக்கிட்டாங்க, ஸ்வீடன் படையோட வந்துச்சு, சின்னதா ஒரு போர், அப்புறம் சமரசம். ராஜா ஒருத்தர், வெளியுறவு ஸ்வீடன் கையில, ஆனா அரசியல் சட்டம், பார்லிமென்ட், ராணுவம், கஜானா எல்லாம் நார்வேக்குத் தனி. ஒரே பட்டாவுல தனித்தனி அடுப்பு வச்சுக் குடித்தனம் பண்ற அண்ணன் தம்பி மாதிரி தான் 91 வருஷம் ஓடுச்சு. பாகப்பிரிவினைன்னு வந்தப்போ பிரிக்க வேண்டிய சாமான் ரொம்பக் கம்மி. எல்லை தெளிவா இருந்தது, ஜனங்க கலந்து சிதறிக் கிடக்கல, கடன் கணக்கு தனி. பிரிவினைன்னா ரத்தம்னு நமக்கு 1947 சொல்லிக் குடுத்திருக்கு, ஆனா அங்க கோடு போட வேண்டிய அவசியமே இல்லாம போச்சு. நார்வேயை உதாரணம் காட்டுறவங்க பெரும்பாலும் தாண்டிப் போற இடம் இது.

பிரச்சனை வெடிச்சது கான்சல் விஷயத்துல, அதாவது வெளிநாட்டு ஊர்கள்ல சொந்த நாட்டு வணிகத்தையும் கப்பல்களையும் கவனிச்சுக்கிற அதிகாரி விஷயத்துல. கேக்க அற்பமா இருக்கும். ஆனா அன்னிக்கு நார்வேயோட வணிகக் கப்பல் படை உலகத்துலயே முன்வரிசையில இருந்தது, ஸ்வீடனோடதை விடப் பெருசு. ஏதோ ஒரு துறைமுகத்துல கப்பல் மாட்டிக்கிட்டா, மாலுமி செத்துப் போனா, சரக்குத் தகராறு வந்தா போய் நிக்க வேண்டியது கான்சல் ஆபீஸ்ல, அந்த ஆபீஸோ ஸ்டாக்ஹோம்ல இருக்கிற வெளியுறவு அமைச்சருக்குக் கீழ. எங்களுக்குத் தனி கான்சல் வேணும்ங்கிறது நார்வேயோட பல வருஷக் கோரிக்கை. 1895-ல இதே விஷயத்துல ஸ்வீடன் மிரட்டினப்போ நார்வே பணிஞ்சு போச்சு, கையில படை இல்ல. அதுக்கப்புறம் தான் எல்லையில கோட்டை கட்டுறதும் இங்கிலாந்துல ஆர்டர் குடுத்து நாலு கவசக் கப்பல் வாங்குறதும் நடந்தது. அமைதியான பிரிவுன்னு சொல்றோமே, அதுக்குப் பின்னாடி பத்து வருஷம் ஆயுதம் சேர்த்த கதையும் இருக்கு.

1905 மார்ச்ல கிறிஸ்டியன் மிக்கெல்சன் பிரதமர் ஆனார். பெர்கன் ஊர்க்காரர், கப்பல் கம்பெனி முதலாளி, அதனால கான்சல் பிரச்சனை அவருக்குப் புத்தகத்துல படிச்ச விஷயம் இல்ல. மே மாசம் பார்லிமென்ட் தனி கான்சல் சட்டத்தை நிறைவேத்திச்சு. மே 27 அன்னிக்கு ஸ்டாக்ஹோம் அரண்மனையில ராஜா இரண்டாம் ஆஸ்கர், வயசு 76, கையெழுத்துப் போட மறுத்தார். அங்க இருந்த நார்வே அமைச்சர்கள் தயாரா வச்சிருந்த ராஜினாமாவை நீட்டினாங்க. ராஜா அதையும் ஏத்துக்கல. இப்போ வேற ஒரு அரசாங்கம் அமைக்க முடியாதுன்னு எனக்குத் தெளிவா தெரியுது, அதனால ராஜினாமாவை ஏத்துக்க மாட்டேன்னு சொல்லிட்டார். அவர் நெனச்சது, கொஞ்ச நாள் ஆறப் போட்டா சூடு தணியும்னு. மிக்கெல்சனுக்கு அந்த ஒரு வாக்கியம் போதுமா இருந்தது.

ஜூன் 7 காலையில பார்லிமென்ட் கூடுச்சு, 117 உறுப்பினர்கள். அமைச்சரவை பதவியை ஒப்படைச்சது, சபைத் தலைவர் கார்ல் பெர்னர் தீர்மானத்தை வாசிச்சார், விவாதமே இல்லாம ஒருமனதா நிறைவேறிச்சு. அந்தத் தீர்மானம் எழுதப்பட்ட விதத்தை வகுப்புல நான் போர்டுல எழுதியே காட்டுவேன். அமைச்சர்கள் எல்லாரும் பதவி விலகிட்டதால, புது அரசாங்கம் அமைக்க முடியலைன்னு ராஜாவே சொல்லிட்டதால, அரச அதிகாரம் செயல்படாம போயிட்டதால, விலகின இதே அமைச்சர்கள் தற்காலிகமா அரசாங்கமா தொடரணும்னு போகுது. இது தான் முக்கிய வாக்கியம், பார்த்தா நிர்வாக உத்தரவு மாதிரி இருக்கும். கடைசி வால்ல தான் குண்டு இருக்கு, ராஜா நார்வேயோட ராஜாவா செயல்படுறதை நிறுத்திட்டதன் விளைவா ஸ்வீடனோட இருந்த யூனியன் கலைஞ்சு போனதால தேவைப்படுற மாற்றங்களோட அவங்க ஆட்சி நடத்தணும்னு. நாங்க பிரியறோம்னு ஒரு இடத்துலயும் இல்ல. நீங்க உங்க வேலையைப் பார்க்காததால அது தானா அறுந்து போச்சுன்னு சொல்லிட்டாங்க. ராஜா "இப்போ" முடியாதுன்னு தான் சொன்னார், ஒரேயடியா முடியாதுன்னு சொல்லல, அதை வசதியா விட்டுட்டாங்க. சட்டப்படி பார்த்தா இந்த வாதம் நொண்டுது, எனக்கு அதுல பெரிய தயக்கம் இல்ல, அரசியலா பார்த்தா கெட்டிக்காரத்தனம்.

அதே நாள்ல ராஜாவுக்கு ஒரு கடிதமும் போட்டாங்க, உங்க குடும்பத்துல இருந்தே ஒரு இளவரசரை எங்களுக்கு ராஜாவா குடுங்கன்னு. சோஷலிஸ்ட் உறுப்பினர்கள் மட்டும் இதை எதிர்த்தாங்க. ஒரு பக்கம் முகத்துல அடிச்சுட்டு இன்னொரு பக்கம் சம்பந்தம் பேசுற மாதிரி இருக்கு இல்ல? காரணம் இருந்தது. எங்களுக்கு உங்க மேல பகை இல்லன்னு ஸ்வீடனுக்குக் காட்டணும், நாங்க புரட்சிக்காரங்க இல்லன்னு ஐரோப்பாவுல இருக்கிற மத்த ராஜாக்களுக்கும் காட்டணும். ஆஸ்கர் இதுக்குப் பிடி குடுக்காம மாசக்கணக்கா இழுத்தார், நார்வே பார்லிமென்ட் தூதுக்குழுவைப் பார்க்கவே மாட்டேன்னுட்டார். தீர்மானம் போட்டு ரெண்டு நாள் கழிச்சு ஜூன் 9-ம் தேதி தலைநகர்ல அகெர்ஷுஸ் கோட்டையில யூனியன் அடையாளம் இருந்த கொடியை இறக்கி சுத்தமான நார்வே கொடியை ஏத்தினாங்க. ரெண்டு நாட்டு நிறத்தையும் மூலையில கலந்து வச்சிருந்த அந்த அடையாளத்துக்கு ஜனங்க வச்ச பேரு ஹெர்ரிங் மீன் சாலட், கிண்டல் தான்.

இதுக்கப்புறம் நடந்தது தான் நிஜமான ஆபத்துக் கட்டம். ஜூன் 7-ம் தேதி பிரிஞ்சாச்சுன்னு இவங்க சொன்னாங்களே தவிர, உலகத்துல ஒரு நாடு கூட அங்கீகரிக்கல. ஸ்வீடன் ஒத்துக்காம நாங்க தொட மாட்டோம்னு எல்லாரும் ஒதுங்கி நின்னாங்க. ஸ்வீடன் பார்லிமென்ட் அவசரமா கூடி, பேசத் தயார், ஆனா நார்வே ஜனங்க நிஜமாவே விரும்புறாங்கன்னு தேர்தலோ வாக்கெடுப்போ வச்சு நிரூபிக்கணும், எல்லைக் கோட்டைகளை இடிக்கணும்னு நிபந்தனை போடுற பக்கம் போச்சு. இந்த வாடை வந்ததுமே, ஸ்வீடனோட கோரிக்கை முறைப்படி வந்து சேர்றதுக்கு முன்னாடி, ஜூலை கடைசியில நார்வே தானே வாக்கெடுப்பு அறிவிச்சிடுச்சு, அவங்க சொல்லிச் செஞ்சதா பேர் வரக் கூடாதுன்னு. அந்த 3,68,208-க்கு 184 பிறந்தது இப்படித் தான். ஸ்வீடன் கேட்ட நிரூபணம் ஸ்வீடனுக்கே தப்பிக்க வழியாவும் ஆச்சு, ஒரு நாடே இப்படி நிக்கும்போது நாங்க என்ன பண்ணன்னு வீட்டுக்குள்ள இருந்த கோபக்காரங்ககிட்ட சொல்லிக்க முடிஞ்சது.

ஆகஸ்ட் 31-ம் தேதி ஸ்வீடன்ல கார்ல்ஸ்டாட் ஊர்ல பேச்சுவார்த்தை ஆரம்பிச்சது, பக்கத்துக்கு நாலு பேர். ஸ்வீடன் பக்கத்து நாலு பேர்ல ஒருத்தர் யால்மர் ஹம்மர்ஷெல்ட், பின்னாடி ஐ.நா. பொதுச்செயலாளர் ஆன டாக் ஹம்மர்ஷெல்டோட அப்பா, அந்த ஜூலை மாசம் தான் டாக் பொறந்தார். கோட்டை விஷயத்துல முட்டிக்கிச்சு. நடுவுல சில நாள் பேச்சே நின்னு போச்சு, செப்டம்பர் 13-ம் தேதி நார்வே ரகசியமா இருபதாயிரம் பேருக்கு மேல ராணுவத்தைத் திரட்டி எல்லைக்கு அனுப்பிச்சு, அந்தப் பக்கம் ஸ்வீடன் படை அதை விடப் பெருசா தயாரா இருந்தது. ஒரு குண்டு கூட வெடிக்கலைன்னு நாம சுலபமா சொல்றோம், துப்பாக்கி ரெண்டு பக்கமும் லோடு பண்ணி தான் இருந்தது.

போர் எவ்வளவு கிட்ட வந்ததுங்கிறதுல வரலாற்றாசிரியர்கள் ஒத்துப் போறதில்ல. நூலிழையில தப்பிச்சதுன்னு ஒரு சாரார், ரெண்டு அரசாங்கமும் பூச்சாண்டி தான் காட்டிக்கிட்டு இருந்தாங்கன்னு இன்னொரு சாரார். நான் ரெண்டாவது பக்கம் கொஞ்சம் சாய்வேன், ஏன்னா ஸ்வீடன் ஜெயிச்சிருந்தாலும் அதை வச்சு என்ன பண்ணுறதுன்னு அவங்களுக்கே பதில் இல்ல, இருபத்து மூணு லட்சம் பேரைப் பிடிச்சு வச்சு ஆள முடியாது. ஆனா எல்லையில ஒரு சிப்பாய் பதட்டத்துல சுட்டிருந்தா இந்தக் கணக்கெல்லாம் காத்துல போயிருக்கும்ங்கிறதையும் மறுக்க முடியாது. வல்லரசுகளும் சண்டை வேண்டாம்னு ரெண்டு பக்கமும் சொல்லிக்கிட்டே இருந்தாங்க. ரஷ்யா அந்த வருஷம் ஜப்பான்கிட்ட அடி வாங்கி உள்நாட்டுப் புரட்சியில தவிச்சுக்கிட்டு இருந்தது, வடக்குல புதுசா ஒரு தலைவலியை யாரும் விரும்பல.

லெனின் சொன்னது எவ்வளவு சரிங்கிறதையும் பார்த்துடலாம். ஸ்வீடன் தொழிலாளர்கள் நார்வேயோட பிரியும் உரிமை பக்கம் நின்னாங்கங்கிறது உண்மை. யால்மர் பிராண்டிங் தலைமையில இருந்த சோஷல் டெமாக்ரட்டுகள் போருக்கு எதிரா பேசினாங்க, இளைஞர் அணியில இருந்த செத் ஹோக்லுண்ட் ஆயுதத்தைக் கீழே போடுங்கன்னு அறிக்கை எழுதி அதுக்காக ஜெயிலுக்கும் போனார். இது ஸ்வீடன் அரசாங்கத்தைத் தயங்க வச்சது நிச்சயம். ஆனா இது தான் போரை நிறுத்துச்சுன்னு சொன்னா மிகை. ஓட்டுரிமை இல்லாத தொழிலாளிகள் ஸ்வீடன்ல அன்னிக்கு ஏராளம், முடிவெடுத்த சபைகள்ல அவங்க ஆளுங்க விரல் விட்டு எண்ணற அளவு தான். மிதவாதப் பழமைவாதிகளே இந்த யூனியனால நமக்கு என்ன லாபம்னு சலிச்சுப் போயிருந்தது இன்னும் பெரிய காரணம்னு நான் நெனக்கிறேன், இது என் கணிப்பு, மாத்துக் கருத்து உள்ளவங்க நிறைய.

செப்டம்பர் 23-ம் தேதி ஒப்பந்தம் ஆச்சு. எல்லையில ரெண்டு பக்கமும் ராணுவம் இல்லாத பகுதி, புதுக் கோட்டைகளை இடிக்கணும், பழைய கோட்டைகள் நினைவுச் சின்னமா நிக்கலாம். ஃப்ரெட்ரிக்ஸ்டென் கோட்டையை இடிக்கச் சொல்லியிருந்தா நார்வே ஒத்துக்கிட்டிருக்காது, 1718-ல ஸ்வீடன் ராஜா பன்னிரண்டாம் கார்ல் குண்டடி பட்டுச் செத்தது அங்க தான். இனி தகராறு வந்தா ஹேக் நடுவர் மன்றத்துக்குப் போறது, எல்லை தாண்டிப் போற சரக்கு, ஆறு ஏரித் தண்ணி, கலைமான் மேய்க்கிற சாமிங்கிற வடக்குப் பழங்குடி மக்கள் ரெண்டு நாட்டுக்கும் நடுவுல மந்தையோட போய் வர்றது, எல்லாத்துக்கும் விதி எழுதினாங்க. சாமி மக்களை யாரும் பேச்சுவார்த்தை மேஜைக்குக் கூப்பிடலைங்கிறதையும் சொல்லணும், மூணு நாலு தலைமுறையா அவங்க மேய்ச்சல் உரிமைச் சண்டை தீராம கிடக்குறதுக்கு இந்தக் கோடும் ஒரு காரணம். நார்வே பார்லிமென்ட்லயே கோட்டையை இடிக்கிறது அவமானம்னு ஒரு சிறு கூட்டம் கடைசி வரை எதிர்த்து ஓட்டு போட்டுச்சு. அக்டோபர் 26-ம் தேதி ஆஸ்கர் நார்வே சிம்மாசனத்தை முறைப்படி துறந்தார், தன் குடும்பத்துல இருந்து யாரையும் அனுப்ப மாட்டேன்னும் சொல்லிட்டார். சில நாள்லயே ரஷ்யா முதல்ல அங்கீகாரம் குடுத்துச்சு, மத்தவங்க வரிசையா வந்தாங்க. நவம்பர் 1-ம் தேதி ஸ்வீடனும் தன் கொடியில இருந்து அந்த ஹெர்ரிங் சாலட்டை எடுத்துடுச்சு.

கடைசிக் கேள்வி, ஏன் ராஜா. குடியரசு வேணும்னு கேட்டவங்க கம்மி இல்ல. ஆனா அன்னிக்கு ஐரோப்பாவுல குடியரசுன்னா பிரான்ஸும் சுவிட்சர்லாந்தும் தான் கண்ணுக்குத் தெரியும், புது நாடு ஒண்ணு தனியா நிக்க துணை வேணும். துணைன்னா பிரிட்டன். டென்மார்க் இளவரசர் கார்லோட மனைவி மாட், பிரிட்டன் ராஜா ஏழாம் எட்வர்டோட பொண்ணு. அதோட கார்லோட அம்மா ஸ்வீடன் அரச குடும்பம், ஆஸ்கரோட அண்ணன் மகள், அதனால ஸ்வீடனுக்கும் முழு அவமானம் ஆகாது. துருவப் பயணி ஃப்ரிட்யோஃப் நான்சன் கோபன்ஹேகனுக்கும் லண்டனுக்கும் போய் இந்த வேலையைப் பார்த்தவர்கள்ல முக்கியமானவர். கார்ல் கடற்படை அதிகாரி, அவர் ஒரு நிபந்தனை போட்டார், பார்லிமென்ட் கூப்பிட்டா மட்டும் போதாது, ஜனங்களைக் கேளுங்கன்னு. நவம்பர் 12, 13-ல ரெண்டாவது வாக்கெடுப்பு. ஆதரவு 2,59,563, எதிர்ப்பு 69,264. ஆகஸ்ட் நம்பரை விட எனக்கு இந்த நம்பர் மேல தான் மரியாதை அதிகம், இதுல நிஜமான வாக்குவாதம் நடந்திருக்கு.

கார்ல் தன் பேரை ஏழாம் ஹாக்கோன்னு மாத்திக்கிட்டார், அலெக்சாண்டர்ங்கிற ரெண்டு வயசுப் பையன் ஓலாவ் ஆனான், நடுக்கால நார்வே ராஜாக்களோட பேர்கள். நவம்பர் 25-ம் தேதி பனி கொட்டிக்கிட்டு இருந்தப்போ ஹெய்ம்டால் கப்பல்ல தலைநகர் வந்து சேர்ந்தாங்க. அந்த போட்டோவை நெட்ல பார்த்திருப்பீங்க, மிக்கெல்சன் வரவேற்க நிக்கிறார், ராஜா கையில குழந்தை. ஜனங்க ஓட்டு போட்டு வந்தவன்ங்கிற நெனப்பு அவருக்குக் கடைசி வரை இருந்தது. 1940-ல ஜெர்மனி படையெடுத்து வந்து நார்வே நாஜி ஆதரவாளர் குவிஸ்லிங்கை பிரதமரா போடச் சொன்னப்போ, அமைச்சரவை இதுக்கு ஒத்துக்கிட்டா நான் முடியைத் துறந்துடுவேன்னு சொன்னவர் இதே ஆள் தான்.

ராஜா வேண்டாம்னு சொன்னவங்க என்ன ஆனாங்கங்கிறதையும் சொல்லிடறேன். நிதி அமைச்சரா இருந்த குன்னார் க்னுட்சன் குடியரசுக்காரர், அக்டோபர் கடைசியில இதுக்காகவே மிக்கெல்சன் அமைச்சரவையில இருந்து ராஜினாமா பண்ணினார். மூணு வருஷத்துல, 1908-ல, ஹாக்கோன் முன்னாடியே பிரதமரா பதவி ஏத்துக்கிட்டார், அப்புறம் 1913-ல இருந்து 1920 வரைக்கும் திரும்பவும் அவர் தான். பெண்களுக்குப் பார்லிமென்ட் தேர்தல்ல ஆம்பளைங்களுக்குச் சமமா ஓட்டு கிடைச்சது அந்த 1913-ல, அவர் ஆட்சியில தான்.